பதினேழாம் வாய்ப்பாடும் ஒரு வட்டமும்

தனபாக்கியம் டீச்சர் தவறிவிட்டார் என்று மன்னார்குடியிலிருந்து போன் வந்தது. கேட்டதும் காவிரி ஒரு நிமிடம் மேற்கே திரும்பி ஓடியிருக்கும். ஆற்றில் தண்ணீர் இல்லாததால் நீங்கள் யாரும் கவனித்திருக்க மாட்டீர்கள்.

ஒரே பள்ளியில் அவரோடு வேலை பார்த்தவன் நான். கடல் கடந்து வந்த பணத்தில் ஒரு கல்வித் திட்டம் நம் ஊரில் வந்து இறங்கியது நினைவிருக்கிறதா? பிள்ளைகள் வட்டமாக உட்கார வேண்டும். மனப்பாடம் கூடவே கூடாது. அதுவரை பண்ணை வீட்டுப் பிள்ளைகளுக்குப் பெஞ்சு, வயல் வேலைக்காரர் பிள்ளைகளுக்கு வாசலோரத் தரை. டீச்சர் சுற்றறிக்கையைப் படித்தார்.

"வட்டம் அவங்களோடது, வாய்ப்பாடு நம்மளோடது. ரெண்டையும் வச்சுக்குவோம் சார்."

மறுநாளே எல்லாரும் ஒரே வட்டம். ஒரு பிள்ளை சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லும் பழைய வாய்ப்பாடு.

பொல்லாத நேரம் அது. கூலித் தகராறில் சம்பா அறுப்பு நின்றுபோயிருந்தது. வரப்பில் சிவப்புக் கொடி, ரோட்டில் போலீஸ் வேன். ஊர் நிலமெல்லாம் வைத்திருந்த பெரிய பண்ணை, தன் ஆட்களோடு வகுப்பு வாசலில் வந்து நின்றார். மீசை மட்டும் ஒன்றே கால் வேலி நிலம் இருக்கும்.

"எம் பேரன எழுப்பி விடுங்க டீச்சரம்மா. கொடி புடிச்சவன் மவ பக்கத்துல அவன் உக்கார மாட்டான்."

"உலகமே போட்ட உத்தரவுங்க ஐயா. வாய்ப்பாடு வேற ஓடுது. பாதியில யாரும் எந்திரிக்கறதில்ல. நீங்க படிச்சப்பவும் அப்படித்தானுங்களே?"

வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருந்தவளே அந்த மகள்தான், பூங்கொடி. பதினேழாம் வாய்ப்பாட்டில் ஆறாவது வரியோடு அவளுக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. ஆட்களில் ஒருவன் உள்ளே கால் வைத்தான். நான் கரும்பலகையோடு கரும்பலகையானேன். டீச்சர் எடுத்துக்கொடுக்கவில்லை. ஒரு யுகம் போனது. இன்னொன்றும் போனது.

"பதினேழேழு நூத்திப் பத்தொம்பது!"

வெடித்தது பெரிய பண்ணையின் வாயிலிருந்து. ஒருவன் திக்கினால் அடுத்தவன் சொல்ல வேண்டும் என்று எந்த வாத்தியாரோ அடித்துப் பழக்கிய வாய். பேரன் உட்பட வட்டம் முழுக்க அதைத் திருப்பிச் சொன்னது. பூங்கொடி எட்டுக்குப் போய்விட்டாள்.

"முடிச்சிட்டு அனுப்புங்க" என்று முணுமுணுத்தார் பண்ணை.

முடிந்தது. பேரன் எழுந்திருக்கவில்லை. "பதினெட்டு யாரு சொல்றது டீச்சர்?" என்றான். பண்ணை துண்டை உதறிக்கொண்டு ஆட்களோடு நடந்தார்.

அறுப்பு முடிவதற்குள் மாற்றல் உத்தரவு வந்தது. டீச்சருக்குத்தான், வட்டத்துக்கு வரவில்லை.

பிறகு எத்தனையோ திட்டங்கள் வந்தன, போயின. அந்தப் பெண் திக்கியபோது, விடை தெரிந்தும் வாய் திறக்காமல், வாசலில் நின்ற ஆட்களுக்கு முதுகைக் காட்டி அவளையே பார்த்து நின்றாரே டீச்சர், அந்த நிற்பை நான் வைத்துக்கொண்டிருக்கிறேன்.