கை காட்டினால் நிற்கும் கலியமூர்த்தி

பட்டாபிராமில் கலியமூர்த்தியைத் தெரியாதவன் ஒன்று ரயிலில் போகிறவன், இல்லை நேற்றுக் குடிவந்தவன். இருபத்திரண்டு வருஷமாக ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அவனைப் பற்றி எழுத என்னைவிடப் பொருத்தமான ஆள் கிடையாது. அவன் முதல் வண்டிக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன கையெழுத்துதான், ஆனால் பேங்க் மேனேஜர் எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். சைக்கிள் கேரியரில் இரண்டு தண்ணீர் கேன் கட்டித் தள்ளிக்கொண்டு போன இந்த வீராசாமிக்கு இன்று நான்கு லாரி ஓடுகிறது. இது என் கதை இல்லை என்பதால் இத்தோடு விடுகிறேன்.

கலியமூர்த்திக்கு ஒரு வியாதி. யார் கை தூக்கினாலும் அவன் கால் பிரேக்குக்குப் போய்விடும். தலை சொறிந்தவனுக்கு நின்றிருக்கிறான். மாடியில் துணி உலர்த்திய பெண்ணுக்கு நின்று, அவள் புருஷன் கீழே இறங்கி வந்த கதையும் உண்டு. கேட்டால், "இன்னா நைனா பண்றது, கால் தானா போவுது" என்பான்.

ஐம்பத்து நான்கு வயதில் அவனுக்கு ஓர் ஆசை வந்தது. மதியச் சோற்றை வீட்டில், தட்டு போட்டு, உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இருபத்திரண்டு வருஷமாக ஸ்டீயரிங் பக்கத்தில் டிபன் பாக்ஸைத் திறந்துவைத்துச் சாப்பிடுகிறவன். அந்த நேரம் பார்த்து நெமிலிச்சேரிப் பக்கம் புது அடுக்குமாடிக் குடியிருப்பில், ஸ்டேஷனுக்குப் போய்வர ஒரு வேன் வாங்கினார்கள். காலையில் ஓட்டம், சாயங்காலம் ஓட்டம், நடுவில் டிரைவர் வீட்டுக்குப் போகலாம். அந்த வேலைதான் வேண்டும் என்று கலியமூர்த்தி என்னிடம் வந்து நின்றான்.

குடியிருப்புச் சங்கத்துக்குச் செயலாளர் கௌதம். கம்ப்யூட்டர் கம்பெனியில் பெரிய வேலை, கன்னம் ஒட்டிய ஆள், ஞாயிற்றுக்கிழமையானால் தொடையோடு ஒட்டிய டவுசர் போட்டுக்கொண்டு சைக்கிள் மிதிப்பார். அவருக்கு எல்லாம் நேரப்படி நடக்க வேண்டும். "சார், அவர் வழியில கை காட்டுற எல்லாரையும் ஏத்துவாரு. எங்க ஆளுங்க ட்ரெயினை விட்டுடுவாங்க" என்றார்.

அந்த மாதம்தான் அவருடைய சைக்கிள் கிளப் பக்கத்து நாட்டுக்காரர்களை எல்லாம் கூப்பிட்டு ஒரு பந்தயம் வைத்திருந்தது. இலங்கை, நேபாளம், பூட்டான், வங்கதேசம். அரசாங்கம் அனுப்பியவர்கள் இல்லை, சொந்த ஆசையில் வந்தவர்கள். குடியிருப்பில் வீட்டுக்கு ஒருவராகத் தங்கினார்கள். தண்ணீர் முழுக்க என் உபயம். அதனால் எல்லோர் பனியன் முதுகிலும் என் பெயர். நாலு நாட்டுக்காரன் முதுகில் பெயர் போட்டவன் இந்த வட்டாரத்தில் வேறு யார் இருக்கிறான்?

பந்தயத்துக்கு முன்னால் வழிகாட்டிப் போக ஒரு வண்டி தேவைப்பட்டது. நான் கௌதமிடம் பேசி முடித்தேன். கலியமூர்த்தி பட்டாபிராமில் புறப்பட்டு, வெளிவட்டச் சாலை வழியாகப் பூந்தமல்லி போய், நூம்பலில் முடிகிற வரைக்கும் ரோட்டில் எவன் கை காட்டினாலும் நிற்காமல் ஓட்டிவிட்டால் வேன் அவனுக்கு. நின்றால் இல்லை.

முந்தின நாள் கூட்டத்தில் கௌதம் பந்தய விதிகளை ஒரு மணி நேரம் இங்கிலீஷில் விளக்கினார். நான் மேடையில் இருந்தேன், பனியனில் என் பெயரைச் சின்னதாகப் போட்டுவிட்டார்களோ என்று அளந்துகொண்டிருந்தேன். கலியமூர்த்தி டீக்குப் போயிருந்தான். காலையில் அவன் ஆட்டோவின் தலையில் நான்கைந்து சைக்கிள் சக்கரங்களைக் கட்டினார்கள். அலங்காரம் என்று நினைத்தேன். நன்றாகவே இருந்தது.

ஐந்தரைக்குக் கிளம்பினோம். அவன் பக்கத்தில் நான். மிலிட்டரி சைடிங் ஸ்டேஷன் தாண்டுவதற்குள் பூக்கூடையோடு ஓர் அம்மா கை காட்டினாள். அவன் கால் துடித்தது. நான் அவன் முட்டியில் கை வைத்து அழுத்தினேன். வண்டி போய்விட்டது. அந்தம்மா எங்கள் பரம்பரையைப் பற்றிச் சொன்னது நேபாளக்காரருக்குக்கூடப் புரிந்திருக்கும்.

நெமிலிச்சேரியில் அவன் சம்சாரம் கண்ணம்மாவே நின்றாள். பந்தயம் பார்க்க வந்தவள், பெருமையாகக் கையை ஆட்டினாள். கலியமூர்த்தி ரோட்டைப் பார்த்தபடி, "ஊட்டுக்குப் போனா இன்னிக்கு சோறு கீதோ இல்லியோ" என்று முனகிக்கொண்டு தாண்டினான். வெளிவட்டச் சாலையில் ஏறியதும் அவனுக்கு ருசி கண்டுவிட்டது. ஒரு கை, இரண்டு கை, ஒரு கல்யாண கோஷ்டி முழுக்கக் கை. எதற்கும் மசியவில்லை. "நைனா, என் கால் என் பேச்சைக் கேக்குது" என்றான். கண் கலங்கியிருந்தது.

பூந்தமல்லி வருவதற்கு முன்னால் ஒரே ஒருவர் மட்டும் கூட்டத்தை அரை கிலோமீட்டர் பின்னால் விட்டுவிட்டு எங்கள் வாலைப் பிடித்துக்கொண்டு வந்தார். யாழ்ப்பாணத்துக் கிருபாகரன். திடீரென்று கண்ணாடியில் பார்த்தால் அவரும் கை தூக்குகிறார்.

கலியமூர்த்தி என்னைப் பார்த்தான்.

"பாக்காத, போ. உன்னைச் சோதிக்கிறாங்க" என்றேன்.

அவனும் போனான். கை இன்னும் உயர்ந்தது. இவன் இன்னும் வேகத்தைக் கூட்டினான். அப்புறம் பின்னாலிருந்து தமிழில் குரல் வந்தது.

"அண்ணை, நில்லுங்கோ அண்ணை. சில்லு காத்துப் போட்டுது. மேல கட்டியிருக்கிறது எங்களுக்குத்தானே."

சக்கரத்தில் காற்று போய்விட்டதாம். சைக்கிள் பந்தயத்தில் கை தூக்கினால் சக்கரம் மாற்ற வேண்டும் என்று அர்த்தமாம். இருபத்திரண்டு வருஷத்தில் நின்றே ஆக வேண்டிய ஒரே கை அதுதான். அதைத்தான் விட்டுவிட்டு வந்திருந்தோம்.

நிறுத்தினால் வேன் போய்விடுமோ என்று எனக்கு ஒரு நொடி ஓடியது. கலியமூர்த்திக்கு அதுகூட ஓடவில்லை. பிரேக்கை மிதித்து, இருநூறு அடி தூரத்தைப் பயணியை எடுக்கப் போகிற மாதிரி அப்படியே ரிவர்ஸில் போனான். எதிரே முப்பது சைக்கிள்கள் வந்துகொண்டிருந்தன. நாலு நாட்டு மொழியில் ஒரே நேரத்தில் திட்டு வாங்கியவர்கள் நாங்களாகத்தான் இருப்போம். கூட்டம் இரண்டாகப் பிரிந்து எங்களைத் தாண்டியது. பூட்டான்காரர் சாலையோரப் புல்லில் இறங்கி ஏறினார். நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. கிருபாகரன் சக்கரத்தை மாற்றிக்கொண்டு ஏறும்போது இவன் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனார்.

வழிகாட்டும் வண்டி இப்போது பந்தயத்தில் கடைசி. பூந்தமல்லியில் இரண்டு பேர் கை காட்டினார்கள். நின்றான்.

"இன்னாடா?" என்றேன்.

"வேன்தான் பூட்சே நைனா. இவங்க இன்னா பாவம் பண்ணாங்க."

நூம்பலில் முடிவுக்கோட்டை நாங்கள் தாண்டும்போது உள்ளே ஒன்பது பேர், ஒரு கோழி. நேபாளக்காரர் ஜெயித்துப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். கிருபாகரன் பதினோராவது. கௌதம் எங்களைப் பார்த்த பார்வையை நான் கண்டுகொள்ளவில்லை. யாரிடமும் திட்டு வாங்கும் வயதை நான் தாண்டியாகிவிட்டது. கிருபாகரன் மட்டும் கலியமூர்த்தி பக்கத்தில் நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

வேன் வேறொரு பையனுக்குப் போனது. ஏழு பத்து என்றால் ஏழு பத்துக்குக் கிளம்பிவிடுவான். ஒரு கையில் சீப்பு, ஒரு கையில் பையோடு ஓடி வருகிறவர்கள் கேட்டிலேயே நிற்க வேண்டியதுதான். அதைக் கலியமூர்த்தி கவனித்தான். யோசனை சொன்னது நான். ஏழு பதினொன்றுக்கு அவன் ஆட்டோ அந்த வாசலைத் தாண்டும், தினமும் நிரம்பித்தான் தாண்டும். மதியச் சோறு மட்டும் இன்னும் டிபன் பாக்ஸில்தான்.

போன செவ்வாய்க்கிழமை நானும் அதில் இருந்தேன். கௌதம் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு ஓடி வந்தார். வேன் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. அவர் எங்களைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அப்புறம் மெதுவாகக் கையைத் தூக்கினார். இடுப்பு உயரம்தான்.

வண்டி நின்றது. கௌதம் ஏறி ஓரமாக உட்கார்ந்தார்.

"இன்னும் கொஞ்சம் உள்ள தள்ளிக்கோ சார்," என்றான் கலியமூர்த்தி, "அங்க ஒருத்தர் தலைய சொறியறாரு."