பூஜை போட்ட மெஷின்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். டிப்ளமோ முடித்து, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னப் பட்டறையில் சூப்பர்வைசராகச் சேர்ந்திருந்தேன். புரட்டாசி முதல் நாள் காலை, பீகாரிலிருந்து வந்த மூன்று பேரும் மெஷினை ஓட்ட மாட்டோம் என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்கள். மாலைக்குள் சரக்கு போயாக வேண்டும். முதலாளி போனில் சொன்னார்: "ஓட்டலன்னா நாளையிலேருந்து வர வேணாம்னு சொல்லிடு."

மூவரில் பெரியவர் போன வாரமே என்னிடம் வந்து, "பூஜை, சார். லீவு" என்று சொல்லியிருந்தார். குடிக்க ஒரு சாக்கு என்று நினைத்துச் சும்மா தலையாட்டி வைத்தேன். அவரிடம் ஒருநாளும் குடிவாடை அடித்ததில்லை. ஆளைத் தெரிந்துகொள்ளும் முன்பே தீர்ப்பு என்னிடம் தயாராக இருந்தது. இத்தனைக்கும், பாலிடெக்னிக்கில் நான் 'கீது' என்று வாய் திறந்தால் தெற்கத்திப் பையன்கள் தங்கள் பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்கள். மெட்ராஸ்காரன் திருடுவானாம். அந்த வலி தெரிந்தவன் நான்.

பட்டாபிராமிலிருந்து வரும், லேத் ஓட்டும் எங்கள் சீனியர் டர்னர் சிரித்தார். "அப்பவே சொல்லல, நைனா? வடக்கனுக்கு ஒடம்பு வளையாது. கூலிய கொறச்சுகினு வந்து நம்ம பொழப்புல மண்ணப் போட்டானுங்க. வா, நானே ஓட்றேன்."

சோம்பேறி என்கிறோம், நம் வேலையைப் பிடுங்கினான் என்றும் சொல்கிறோம். இரண்டும் ஒரே ஆளுக்கு எப்படிப் பொருந்தும் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை.

உள்ளே போனதும் டர்னர் அப்படியே நின்றார். மில்லிங் மெஷினின் நிறம் பச்சை என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது. ஒவ்வொரு பல்சக்கரத்தையும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்திருந்தார்கள். மேலே செந்தூரப் பொட்டு, சாமந்தி மாலை. கீழே ஸ்பேனர்கள் அளவு வாரியாக அடுக்கியிருந்தன. பெரியவர் ஈரத் தலையோடு கைகூப்பி நின்றார். பேசவே எனக்குக் கூச்சமாக இருந்தது.

டர்னர் செருப்பைக் கழற்றினார். "இன்னா அண்ணாத்தே, நம்ம ஆயுத பூஜை மாரியே கீது?"

"மெஷின் சாமி, அண்ணா. இன்னிக்கு தொடக் கூடாது."

டர்னர் என் போனை வாங்கி முதலாளிக்குப் போட்டார். "மொதலாளி, பூஜை போட்ட மெஷின்ல நான் கை வெக்க மாட்டேன். இவுங்கள அனுப்பறதுன்னா என்னையும் சேத்து அனுப்பிடுங்க."

"நாளைக்கு எத்தன மணிக்கு ஓடும்?" என்று போனில் முதலாளியின் குரல் கேட்டது.

டர்னர் பெரியவரைப் பார்த்தார். அவர் ஐந்து விரலைக் காட்டினார்.

"காலைல அஞ்சுக்கு. மொத ட்ரெய்ன் புட்ச்சு நானும் வந்துர்றேன்" என்றார் டர்னர்.