சுவருக்கு அந்தப் பக்கம் கேட்ட அடி

எழுத்து மேலும் கீழுமாகப் போகிறது. படத்திறப்பில் இதை வாசிப்பவர் பொறுத்துக்கொள்ள வேண்டும். எழுபது வயதுக்கு மேல் எழுதக் கற்றவன் நான். மாரிமுத்துவின் பெயரை என் கையாலேயே எழுதிவிட்டேன் என்று இந்தத் துக்கத்திலும் ஒரு சந்தோஷம்.

அன்று காலை வரப்பில் நின்றிருந்தேன். அவர் மகன் குமார் போன் செய்து, "மாமா, அப்பா போயிட்டாங்க" என்றான். ஒரே சுவருக்கு இரண்டு பக்கமும் நாற்பது வருஷம் குடியிருந்தோம். வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

பிள்ளை வளர்ப்பில் மாரிமுத்து கண்டிப்பானவர் என்று நம் தெருவே சொல்லும். எனக்கோ அடிக்க மனம் வராது. "புள்ளைக்கு நம்ம மேல பயம் இருக்கணும்யா. கொஞ்சிக்கிட்டே இருந்தா உருப்படமாட்டான்" என்பார்.

பையன்களுக்குப் பத்து வயதிருக்கும். குமாரும் என் மகன் செல்வமும் மீன் பிடிப்பதற்காக மடையைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் பாய்ந்து, முதல் நாள் நட்ட நாற்றெல்லாம் மிதந்தது. வயல்காரர் எங்கள் இருவரையும் நிற்கவைத்து ஏசினார். செல்வத்தை வீட்டுக்கு இழுத்து வந்தேனே தவிர, அடிக்கத் தோன்றவில்லை. அப்போது சுவருக்கு அந்தப் பக்கம் அடி விழும் சத்தம் கேட்டது. குமார் அலறினான். நான் மாடு ஓட்டும் தார்க்குச்சியை எடுத்தேன்.

மறுநாள் டீக்கடையில் எல்லோர் முன்னும் மாரிமுத்து சிரித்தார். "என்னய்யா, உன் வீட்ல சத்தமே பத்தலியே?"

அதற்குப் பிறகு சத்தம் குறையாமல் பார்த்துக்கொண்டேன்.

அவரை எரித்துவிட்டு வாய்க்காலில் குளித்தபோது, ஆறுதலாக இருக்கட்டும் என்று குமாரிடம் சொன்னேன், உங்கப்பன் அடித்தாலும் உன்னை ஆளாக்கிவிட்டான் என்று. அவன் ஈரத் தலையோடு என்னைப் பார்த்தான்.

"அப்பா என்னைத் தொட்டதே இல்ல மாமா. கதவைச் சாத்திட்டு நெல்லுச் சாக்கைத்தான் அடிப்பாங்க. என்னைக் கத்தச் சொல்லுவாங்க. எனக்குச் சிரிப்பு வந்துடும், வாயில துண்டைத் திணிச்சிடுவாங்க."

அழுதுகொண்டே சிரித்தான். எனக்கு இரண்டும் வரவில்லை.

செல்வம் திருப்பூரில் இருக்கிறான். நாற்பது வயதாகிறது. பொங்கலுக்கு வந்தால் வாசல் பக்கமாகவே உட்காருவான். கொடியில் கிடக்கும் துண்டை எடுக்க நான் கையைத் தூக்கினால் இன்றும் அவன் தோள் சுருங்கும்.

மாரிமுத்து, ஊர் ஏளனம் பேசும் என்று பயந்தாய், சரி. நல்ல தகப்பனாக இருந்ததை எனக்கு மட்டுமாவது சொல்லியிருக்கலாம். உன் படத்துக்கு மாலை போடுவேன். ஆனால் உன்னிடமிருந்து என்னோடு இருக்கப்போவது அந்தச் சாக்குச் சத்தம்தான்.

அடுத்த வாரம் செல்வத்துக்கு எழுதுவேன். அதில் உன் பெயர் வராது. நீ அடித்தது சாக்கை. பிள்ளையை அடித்தவன் நான்.