கப்பலுக்குச் சாக்கும் கனம்தான்

லாரியை நிறுக்கது லேசு. கூட வார ஆளு பேச்சை நிறுத்துததுதான் பாடு. காலையில காலேஜ், சாயங்காலம் சங்கரன்கோவில் எடை மேடையில கம்ப்யூட்டர்னு கிடக்கேன். என்னைய மாதிரி படிச்சுக்கிட்டே வேலைக்கும் போயி வாங்கிக் கட்டுத மக்கா, உங்களுக்குத்தான் இது.

சாக்கு

குருவிகுளத்து வத்தல் வியாபாரி அண்ணாச்சி ஒருத்தரு முதல் தடவையா கப்பலுக்கு மிளகா வத்தல் அனுப்புதாரு. கன்டெய்னரோட மொத்த எடையைக் கையெழுத்துப் போட்டு மறுநாக் காலைக்குள்ள தூத்துக்குடிக்குக் குடுத்தாத்தான் பெட்டி கப்பல்ல ஏறும். அவரு எழுதிக் கொண்டாந்ததைப் பாத்தா, மண்டி வழக்கப்படி சாக்குக் கழிவுன்னு மூடைக்கு ஒரு கிலோவை எடையில கழிச்சிருக்காரு.

சாக்கு, கயிறு, அடியில போட்ட பலகை, இரும்புப் பெட்டி எல்லாம் சேந்ததுதான் எடை, கப்பல் சாயும்போது சாக்கு மட்டும் தனியா நிக்குமான்னு கேட்டேன். கொஞ்சம் சத்தமாத்தான். அண்ணாச்சிக்குச் சுருக்குன்னு ஏறிருச்சு. "ஏட்டி, எங்க அப்பா காலத்துலருந்து சாக்குக்குக் கழிவு உண்டு. கப்பக்காரனுக்குன்னு தனி வழக்கமா?"

டிரைவர்

நிறுத்தே பாத்துருவோம்னு லாரியை மேடையில ஏத்தச் சொன்னேன். டிரைவர் இறங்க மாட்டேங்காரு. முந்தின நாளு காலிப் பெட்டியோட லாரியை நிறுக்கும்போது அவரு டீக்கடையில நின்னாரு. இப்ப உள்ள இருந்தா, அந்த எடையைக் கழிக்கும்போது அவரு கனமும் வத்தல்ல சேந்துரும். இதைச் சொன்னதும் மெதுவா இறங்கி கைலியை மடிச்சுக் கட்டுனாரு. "வீட்டுலதான் எனக்கு மதிப்பில்ல, கப்பக்காரனாவது கணக்குல சேக்கட்டும்னு பாத்தேன், தாயி."

கையெழுத்து

எடை, அண்ணாச்சி எழுதினதைவிட நல்லாவே கூட வந்துச்சு. எங்க முதலாளி, அண்ணாச்சி கேக்கதையே அடிச்சுக் குடுத்துரு, வாடிக்கை போயிரும்னாரு. மேடையில வந்ததுதான் சீட்டுல வரும், பிடிக்கலன்னா வேற ஆளு பாருங்கன்னேன். அண்ணாச்சிகிட்டயும் சொல்லிட்டேன்: கையெழுத்து உங்களது, தூத்துக்குடியில மறுபடி நிறுத்துத் தப்புன்னா உங்க முதல் சரக்கு கப்பலைப் பாத்துட்டுத் திரும்பி வரும். அவரு சீட்டை ரெண்டு தரம் வாசிச்சாரு. மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டே கையெழுத்துப் போட்டாரு.

நாலு நா கழிச்சு அண்ணாச்சி, சிவகிரி வியாபாரி ஒருத்தரைக் கூட்டிக்கிட்டு வாராரு. பெட்டி கப்பல் ஏறிட்டாம். சிவகிரிக்காரரு நீட்டுன கணக்குலயும் அதே கழிவு. நான் வாயைத் திறக்க முந்தி அண்ணாச்சி அவரு கையைப் பிடிச்சிட்டாரு. "வே, மண்டி வழக்கத்தை மண்டியோட வச்சுக்கிடும். இந்தப் பிள்ளைகிட்ட வாயைக் குடுத்தா கப்பலே போயிரும்."

வாயாடுனா வேலை போயிரும்னு எல்லாரும் சொல்லுதாவ, எனக்கு என்னடான்னா ரெண்டாவது கன்டெய்னர் வந்து நிக்கி.