அப்பா வைக்கிற வெடி

நிலம் அதிர்ந்தால் இசைப்பிரியாவுக்கு அப்பா ஞாபகம்தான் வரும். நெய்வேலியில், சுரங்கத்தை ஒட்டிய தெருவில் வீடு. அப்பா வளவன், சுரங்கத்தில் வெடி வைக்கத் துளை போடும் கான்ட்ராக்ட் தொழிலாளி. இருபத்திரண்டு வருடமாகியும் பெர்மனென்ட் ஆகவில்லை. மதியம், வெடிக்கு முன் எச்சரிக்கைச் சங்கு ஊதும். கொஞ்ச நேரத்தில் ஜன்னல் கடகடக்கும், அலமாரி டம்ளர்கள் ஒன்றையொன்று இடித்துக்கொள்ளும். சின்ன வயதில் அவள் மிரண்டால் அம்மா கண்ணகி, “ஒண்ணுமில்லடி, அப்பா வெடி வெக்கறாரு” என்பாள். அந்தச் சொல்லைக் கேட்டே தூங்கினாள், படித்தாள், அரசு உதவித்தொகை வாங்கித் தைவானுக்கு மேற்படிப்புக்குப் போனாள்.

இரண்டு வருடப் படிப்பு. ஐந்து வாரம் நடந்தது.

அன்று காலை விடுதி அறையில் அவளும், வியட்நாமிலிருந்து வந்திருந்த லானும் வகுப்புக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள். தரை அதிர்ந்தது. ஜன்னல் கடகடத்தது. லான் கதவருகே ஓடினாள். இசைப்பிரியா சிரித்தாள். ஒன்றுமில்லை, எங்கள் ஊரில் தினமும் இப்படித்தான் என்று ஆங்கிலத்தில் சொன்னாள். “நிஜமாகவா?” என்று கேட்ட லான், திரும்பி வந்து கண்ணாடி முன் உட்கார்ந்து சீப்பை எடுத்தாள்.

ஊரில் அதிர்வு இரண்டு மூன்று நொடியில் அடங்கிவிடும். இது அடங்கவில்லை. லான் இருந்த பக்கம் சுவர் விழுந்தது.

கல்லூரியை மூடினார்கள். இசைப்பிரியா கையில் கட்டோடு ஊர் வந்தாள். கூட இருந்த பெண் செத்துப்போனது தெருவுக்கே தெரியும். தான் சொன்னதை மட்டும் அவள் யாரிடமும் சொல்லவில்லை.

“எல்லாரும் அலறிக்கினு ஓடனாங்களாம், நம்ம பொண்ணு அசையலியாம்” என்று பக்கத்து வீட்டுத் தனம் பெருமை பேசினாள். “நாமதான் தெனம் பூகம்பத்துல சோறு துன்றமே!”

இரண்டு மாதம் கழித்துக் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. வகுப்புகள் தொடங்குகின்றன, வருவதானால் வெள்ளிக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். கடிதம் வந்த அன்று வளவனுக்கு வார விடுப்பு. சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்:

“போயிட்டு வாம்மா. அதிர்றதுக்குப் பயப்படற ஆளா நீ? பால் குடிக்கச்சியே நான் வெச்ச வெடியக் கேட்டவ.”

“அதாம்ப்பா” என்றாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னாள், லான் சீப்பை எடுத்தது வரைக்கும். “நீ வெடி வெக்கற மாதிரியே இருந்துச்சிப்பா. அவ வெளிய ஓடியிருப்பா. நான்தான் உக்கார வெச்சேன்.”

சோற்றைப் பிசைந்த வளவனின் கை அப்படியே நின்றுவிட்டது. வெளியே சங்கு ஊதியது. ஜன்னல் கடகடத்தது.

“ஒண்ணுமில்லடி…” அடுப்படியிலிருந்து கண்ணகி, பழக்கத்தில்.

“சும்மா இரு!” என்று கத்தினார் வளவன். எழுந்து, சோற்றுக் கையாலேயே மகளின் மணிக்கட்டைப் பற்றித் தெருவுக்கு இழுத்துக்கொண்டு ஓடினார்.

வாசலில் நின்ற தனம் சிரித்தாள். “இன்னா வளவண்ணே, வெடி வெக்கற ஆளே இப்பிடி ஓடியாற?”

அதிர்வு எப்போதோ அடங்கியிருந்தது. பிடித்த கையை அவர் விடவில்லை.

வெள்ளிக்கிழமை அவள் பதில் எழுதவில்லை. இப்போதும் சங்கு ஊதினால் தெருவில் வந்து நிற்கிறாள். வீட்டில் இருக்கும் நாட்களில் வளவனும் வந்து நிற்கிறார்.