குத்துப்பாட்டு குடியேறிய வீடியோ

பச்சைத் தேயிலை விலை விழுந்து எஸ்டேட்டில் வேலை நின்றபோது, ராஜகுமாரி கூடலூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு பழைய கம்ப்யூட்டரோடு கடை போட்டாள். மெமரி கார்டில் பாட்டு ஏற்றும் கடை. இலங்கையில் பிறந்து, கொழுந்து பறித்தே வளர்ந்தவள். மவுஸைப் பிடித்த வருடமே, செத்த கார்டுகளுக்கும் உயிர் கொடுக்கத் தொடங்கினாள்.

ஊரே திருப்பூருக்குப் பனியன் தைக்கப் போய்க்கொண்டிருந்த நேரம். ஒருநாள், எஸ்டேட்டில் கூடக் கொழுந்து பறித்த பேச்சியும் மூட்டையோடு வந்தாள்.

"அக்கா, போன் கார்டுல இருக்கிறதை அழிச்சுட்டு முழுக்கப் பாட்டா ரொப்பி விடுங்க. வழியில கேக்கணும்."

டீ குடித்துவிட்டுத் திரும்பிய பேச்சி, பாட்டு ஏறுவதைப் பார்த்தபடியே கேட்டாள். "எங்க வீட்டுக்காரரு வீடியோ போனுக்குள்ள பத்திரமா இருக்குந்தானே?"

அவள் கணவன் வேலன் மரம் விழுந்து செத்து வருடம்கூட ஆகவில்லை. அவன் குரல் மிச்சமிருந்தது அந்த ஒரு வீடியோவில்தான். அது போனில் இல்லை. ராஜகுமாரி சற்றுமுன் அழித்த கார்டில் இருந்தது.

ராஜகுமாரி வெடுக்கென்று கார்டைப் பிடுங்கினாள். பேச்சி ஓவென்று அழுதாள்.

"அழாதடி! லயத்து வீட்டுக் கதவுல நம்பரை அழிச்சா, உள்ள இருக்கிறவன் செத்தா போவான்? வேற குடும்பம் குடி வந்தாத்தான் போச்சு. அதான் பாட்டை நிறுத்திட்டேன்."

சரியாகத்தான் சொன்னாள். சிப்பின் நுண்ணறைகளில் மின்னூட்டம் கண்ணாடி போன்ற சுவருக்குள் சிறைப்பட்டிருக்கும். மின்சாரம் இல்லாவிட்டாலும் தங்கும். அழிக்கும்போது முதலில் போவது முகவரி மட்டுமே.

மீட்கும் மென்பொருளை ஓடவிட்டாள். வெளியே பேச்சி ஏறவேண்டிய ஊட்டி பஸ் உறுமியது. கண்டக்டர் ஆறுக்குட்டி எட்டிப் பார்த்தார்.

"ஏனுங்க, கல்யாணப் பொண்ண அனுப்பற ஊடாட்ட அழுதுட்டிருக்கீங்க! வண்டி எடுக்கட்டுங்களா?"

"எடுத்துப் பாருங்க, டயர் முன்னாடி படுத்துருவேன்!" என்றாள் ராஜகுமாரி.

பெயரில்லாத கோப்புகள் ஒவ்வொன்றாக எழுந்து வந்தன. ஒன்றைத் திறந்தாள். ஓடியது! நடுவில் மட்டும் கட்டங்கட்டமாய்ச் சிதறல். அங்கே ஒரு குத்துப்பாட்டு குடியேறியிருந்தது. அதைத் தாண்டியதும் வேலன் கத்தினான்.

"ஏ பேச்சி, ஏன்டி கம்பமாட்டம் நிக்கிற? இது போட்டோ இல்லடி, வீடியோ! அசையுடி!"

பேச்சி அழுகையை விட்டுச் சிரித்தாள். ஆறுக்குட்டி கடைக்குள்ளேயே வந்துவிட்டார்.

"இன்னொருக்கா போடுங்க. வண்டி நிக்கட்டும்."

ராஜகுமாரி வேறு இரண்டு கார்டுகளில் பிரதி எடுத்துக் கொடுத்தாள். "ஒரே கார்டை நம்பாத. வேற வேற எடத்துல வை."

பல வருடம் கழித்து, ராஜகுமாரியின் கருமாதிக்குப் பேச்சி திருப்பூரிலிருந்து வந்தாள். கையில் புதுப் போன். அதிலும் வேலன், அசையச் சொல்லி அவளைத் திட்டினான்.