டெக்மையரின் அடிநாதம்

உலகத்தில் நல்ல காது உள்ளவர்கள் மொத்தம் ஏழெட்டுப் பேர்தான் என்பது ஃபோல்க்மார் டெக்மையரின் கணக்கு. அதில் பாதிப் பேர் செத்துப்போய்விட்டார்கள். மிச்சமிருப்பவர்களில் அவர்தான் முதல் ஆள். டுசெல்டோர்ஃப் நகரத்தில், பில்க் பகுதியில், ஆயுசு பூராவும் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்து ஊராரின் கண்ணைச் சோதித்தே பிழைத்தவர், பேச்சென்று எடுத்தால் காதைப் பற்றித்தான் பேசுவார். கண் மங்கினால் கண்ணாடி போடலாம், காதே இல்லாமல் பிறந்தவர்களை என்ன செய்வது என்று வாடிக்கையாளர் முகத்துக்கு நேரேயே அலுத்துக்கொள்வார். கடையை விற்றுவிட்டு வீட்டோடு இருக்க ஆரம்பித்ததும் அந்த அலுப்பே முழுநேர வேலையாகிவிட்டது.

அவர் கும்பிட்ட ஒரே சாமி எழுபதுகளின் ஜெர்மன் மின்னணு இசை. அதிலும் எல்லாம் ஆகாது. இந்த ஊரிலிருந்து கிளம்பி உலகத்தையே ஆட்டிவைத்த குழுவின் பெயரை யாராவது சொன்னால், பல் வலி வந்தவர் மாதிரி கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். அது கடைவீதி இசையாம். பெர்லின்காரர்கள் சின்தசைசரில் ஒரே பொத்தானை அமுக்கிவிட்டுத் தூங்கப் போய்விடுவார்களாம், எழுந்து வந்து அதற்கு விண்வெளி என்று பெயர் வைப்பார்களாம். பக்கத்து ஊர், ஜென்மப் பகை கொலோன்காரர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். திருவிழாக் கூச்சலில் காது செத்த ஜனங்கள், வெளுத்த பீரைக் குடித்துவிட்டு எதைக் கேட்டாலும் கை தட்டும். ஐந்நூறு பிரதிக்கு மேல் விற்ற எந்த இசைத்தட்டும் அவர் வீட்டு வாசலைத் தாண்டியதில்லை. மாமியார் ஒருமுறை ஆசையாக வாங்கிக் கொடுத்த தட்டைக்கூட அவர் பழைய சாமான் சந்தையில் தள்ளிவிட்டு வந்தார்.

இப்படிச் சலித்துச் சலித்துக் கடைசியில் சல்லடையில் தங்கியது ஒரே ஒரு தட்டு. 'குளிர்ந்த தண்டவாளம்' என்று பெயர். 1973-இல் லியோபா ஹெக்கர், ஹன்னோ ஹெக்கர் என்ற இளம் தம்பதி சொந்தக் காசைப் போட்டு வெளியிட்டது. முந்நூறு பிரதிகூட விற்றிருக்காது. வேடிக்கை என்னவென்றால், டெக்மையர் அதை வாங்கிய புதிதில் இரண்டு தடவை கேட்டுவிட்டு, சுமாரான சரக்கு என்று ஒதுக்கித்தான் வைத்தார். சில வருஷம் கழித்துக் கல்யாணமாகி இந்த வீட்டுக்குக் குடிவந்து, நிலவறையில் இசை அறை அமைத்தபோதுதான் மறுபடி எடுத்துப் போட்டார். அன்றைக்கு அவருக்கு உடம்பு சிலிர்த்துப்போனது. எல்லாச் சத்தத்துக்கும் அடியில், பூமிக்குள்ளிருந்து வருவதுபோல, அசையாத ஒரு நாதம் ஓடிக்கொண்டிருந்தது. முன்பு இது தனக்கு எப்படிக் கேட்காமல் போனது என்று யோசித்தார். அப்போது தனக்குக் காது முதிரவில்லை என்று முடிவு கட்டினார். அதற்கு 'அடிநாதம்' என்று பெயரும் வைத்தார்.

அன்றைக்கு அதைப் போட்ட புது ரெக்கார்டு பிளேயரை அந்தத் தட்டுக்கென்றே ஒதுக்கிவிட்டு, மற்ற தட்டுகளுக்கு வேறொன்று வாங்கிக்கொண்டார். மற்ற தட்டுகளின் தூசி பட்ட ஊசி அதன்மேல் படக்கூடாது என்பது சட்டம். இப்படி ஓர் ஆச்சாரத்தை எந்த மடத்திலும் பார்க்க முடியாது. தட்டைப் போடும் முறையும் அப்படித்தான். முதலில் வால்யூமைச் சுத்தமாகக் குறைப்பார். ஊசியைத் தட்டில் இறக்குவார். பிறகுதான் வால்யூமை மெல்லத் திருப்பி ஏற்றுவார். முடியும்போதும் வால்யூமைக் குறைத்த பிறகே ஊசியைத் தூக்குவார். ஊசி இறங்கும்போது வரும் 'டொக்' சத்தம் ஸ்பீக்கரைக் கெடுத்துவிடுமாம்.

செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு நிலவறையில் கேட்புக் கூட்டம். டிராம் ஓட்டி ஓய்வு பெற்ற கிஸ்பெர்ட், பல் மருத்துவர் அல்முட், இன்னும் இரண்டு மூன்று பேர் வருவார்கள். செருப்பைக் கழற்ற வேண்டும், இருமக்கூடாது, ஒரு பக்கம் முடிந்த பிறகுதான் உப்புக் குச்சியும் கறுப்பு பீரும். டெக்மையர் அடிநாதத்தை விளக்குவார். அவர்கள் கண்ணை மூடிக்கொண்டு தலையாட்டுவார்கள்.

தலையாட்டாத ஒரே ஆள் அவர் மனைவி ரொஸ்விதா. குடிவந்த முதல் வாரமே கீழே எட்டிப் பார்த்து, மெஷின் உர்ர்ர் என்கிறது, ஆளைக் கூப்பிட்டுக் காட்டு என்று சொன்னாள். டெக்மையர் அவளை மேலும் கீழும் பார்த்தார். டிவியில் பளபளச் சட்டை போட்டுப் பாடும் காதல் பாட்டுக்கு உருகுகிறவளுக்கு இது புரியாது, கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று கூட்டத்தார் முன்னாலேயே சொல்லிச் சிரித்தார். அதோடு அவள் நிலவறைப் படி இறங்குவதை விட்டுவிட்டாள். மாடியில் அவள் டிவி, கீழே அவர் நாதம் என்று நாற்பது வருஷத்துக்குக் கொஞ்சம் குறைவாக அந்தக் குடித்தனம் நடந்தது.

கடைசியில் அவருக்கும் ஒரு நல்ல காலம் பிறந்தது. பழைய தட்டுகளை மறுபதிப்பு செய்யும் யோரிஸ் என்ற சின்னக் கம்பெனிக்காரர், 'குளிர்ந்த தண்டவாளத்'தின் மூல ஒலிநாடா கிடைத்துவிட்டது, அதைத் திரும்பக் கொண்டுவரப் போகிறேன், உறையின் பின்பக்கத்துக்கு நீங்கள்தான் கட்டுரை எழுதித் தர வேண்டும் என்று கேட்டார். டெக்மையரின் பெயர் அச்சில் வந்ததெல்லாம் அதுவரை கண்ணாடிக் கடை விளம்பரத்தில்தான். குளிர்காலம் பூராவும் உட்கார்ந்து எழுதினார். முழுக்க முழுக்க அடிநாதத்தைப் பற்றியே எழுதினார். வாழ்நாளில் தான் கேட்டதெல்லாம் அந்த ஒரு பக்கத்தில் நின்றுவிடும் என்று நம்பினார். அந்தப் பக்கம் இல்லாவிட்டால் தான் வெறும் கண்ணாடிக் கடைக்காரன் என்பதும் அவருக்கு உள்ளூரத் தெரியும்.

அச்சுக்கு முன் சோதனைத் தட்டு ஒன்று அவருக்கு வந்தது. புதுத் தட்டு என்பதால் சட்டப்படி அதை மற்ற பிளேயரில்தான் போட்டார். அடிநாதத்தைக் காணோம். இரண்டு பக்கமும் தேடினார், இல்லவே இல்லை. உடனே ஃபோனை எடுத்து யோரிஸை வறுத்தெடுத்தார். இந்தக் காலத்து சவுண்ட் இன்ஜினியர்கள் தரையைத் துடைக்கிற மாதிரி இசையைத் துடைத்துவிட்டார்கள், இது கொலை, இதற்குத் தன் பெயரைக் கொடுக்க முடியாது, வாங்கக்கூடிய எல்லோரிடமும் வாங்காதே என்று சொல்வேன் என்றார். வாங்கக்கூடிய எல்லோரும் என்பது இருநூறு பேர்தான். ஆனால் அந்த இருநூறு பேரும் அவர் பேச்சைக் கேட்கிறவர்கள். யோரிஸ் மிரண்டுபோய், கொலோனில் இருந்த லியோபா ஹெக்கரையே அழைத்துக்கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை காபி நேரத்துக்கு வந்து சேர்ந்தார்.

தட்டில் கூட வாசித்த கணவர் ஹன்னோ இறந்து பல வருஷமாகிவிட்டது. லியோபாவுக்கு எழுபது தாண்டியிருந்தது. மழைக்கோட்டைக் கழற்றி டெக்மையர் கையில் கொடுத்துவிட்டு, பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றதாகச் சொன்னார். டெக்மையருக்குச் சப்பென்றாகிவிட்டது. போதாக்குறைக்குக் கொலோன். செருப்பைக் கழற்றச் சொன்னதற்கு, உங்கள் ஊரில் பீர்தான் கறுப்பு, தரையாவது வெள்ளையாக இருக்கட்டும் என்கிறீர்களா என்று அந்த அம்மாள் கேட்டார்.

டெக்மையர் வால்யூமைக் குறைத்தார், ஊசியை இறக்கினார், வால்யூமை ஏற்றினார். அடிநாதம் எழுந்தது. அவர் கண்ணை மூடினார்.

"இது என்ன பின்னாடி உர்ர்ருன்னு?" என்றார் லியோபா.

டெக்மையர் கண்ணைத் திறக்காமலே விளக்கினார். கட்டுரையில் எழுதியதில் பாதியை மனப்பாடமாகச் சொன்னார். போருக்குப் பிறகான மௌனம், தொழிற்சாலைகளின் மூச்சு என்றெல்லாம் போய்க்கொண்டே இருந்தது. லியோபா பொறுமையாகக் கேட்டார்.

"ஹெர் டெக்மையர், இதை நாங்க வாசிக்கவே இல்லையே. பொண்ணு பிறந்த புதுசு. ரயில் பாதைக்குப் பக்கத்து வீடு, ராவெல்லாம் முழிச்சுக்கிட்டு அழுவா. அவ தூங்கறதுக்காக வாசிச்சதுதான் இதெல்லாம். இப்படி உர்ருன்னா எந்தக் குழந்தை தூங்கும்?"

அதற்கும் அவர் அசையவில்லை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால். செய்தவர்களுக்குத் தாங்கள் செய்தது என்னவென்று தெரியாமல் இருப்பது கலையில் சகஜம், அதைச் சொல்லத்தான் கேட்பவர் வேண்டியிருக்கிறது என்று அந்த அம்மாளுக்கே பாடம் நடத்தினார். யோரிஸ் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

லியோபா எழுந்து போய், வால்யூமைத் தொடாமல், ஊசியை மட்டும் விரலால் தூக்கினார். டெக்மையர் பதறிக் கையை நீட்டுவதற்குள் அது நடந்துவிட்டது. பாட்டு நின்றது. அடிநாதம் நிற்கவில்லை.

அந்த அம்மாள் பிளேயருக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவி, எதிலும் மாட்டாமல் தொங்கிக்கொண்டிருந்த எர்த் ஒயரின் நுனியைப் பிடித்து, ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்த திருகில் வைத்து அழுத்தினார். சட்டென்று அறை அமைதியானது. நிலவறையில் தண்ணீர்க் குழாய் சொட்டுவதுகூடக் கேட்டது.

டெக்மையர் முகத்தில் ஈயாடவில்லை. விருந்தாளிகளுக்காக இத்தனை வருஷம் கழித்து அன்று மட்டும் பிளம்ஸ் கேக்கோடு படி இறங்கி வந்த ரொஸ்விதா, "நின்னுடுச்சா?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கேக்கை மேசைமேல் வைத்தாள்.

லியோபா ஒயரைத் திருகி முடுக்கிவிட்டு உட்கார்ந்து கேக் சாப்பிட்டார். மனதில் கெடுதல் இல்லாத மனுஷி. கட்டுரையைக் கிழிக்க வேண்டாம், நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், ஒரே ஒரு வரியை மாற்றினால் போதும் என்றார்.

"அந்தச் சுரம் உங்களோடதுன்னு போட்டுருங்க. இத்தனை வருஷம் எங்ககூட நீங்களும் வாசிச்சிருக்கீங்க. ஒரே சுரம்தான், ஆனா விடாம வாசிச்சிருக்கீங்க. ஹன்னோ இருந்திருந்தா ரொம்ப ரசிச்சிருப்பான்."

அதை எடுத்துக்கொள்ளும் மனசு இருந்திருந்தால் டெக்மையர் அன்றே பெரிய மனிதராகியிருப்பார். அவருக்கு அது கொலோன்காரியின் குத்தலாகத்தான் பட்டது. யோரிஸிடமிருந்து கட்டுரையைத் திரும்ப வாங்கி மடித்து உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். தன் எழுத்தை நகைச்சுவைத் துணுக்காக யாரும் அச்சிட வேண்டாம் என்றார். யோரிஸ் இரண்டு தடவை கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். மறுபதிப்பு வெளிவந்தது. பின்பக்கத்தில் தொட்டிலருகே இரண்டு சின்தசைசர் இருக்கும் புகைப்படம் ஒன்றைப் போட்டிருந்தார்கள். முதல் மாதத்திலேயே ஐந்நூறு பிரதியைத் தாண்டி விற்றது.

மறுபதிப்பு வெளிவருவதற்கு முன்பே ஒரு செவ்வாய்க்கிழமை கூட்டம் வந்தது. வெளியே தெரிவதற்கு முன் தானே சொல்லிவிடுவது கௌரவம் என்று டெக்மையர் முடிவு செய்திருந்தார். முதலில் தட்டைப் போடுவது, முடிந்ததும் எல்லோரும் அடிநாதம் எங்கே என்று திகைப்பார்கள், அப்போது உண்மையைச் சொல்வது என்று திட்டம். எர்த் ஒயர் கெட்டியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு ஊசியை இறக்கினார். பிஞ்சுக் குழந்தைக்கான பாட்டு, பச்சைத் தண்ணீர் மாதிரி, அடியில் ஒன்றுமில்லாமல் ஓடியது. அவர்கள் வழக்கம்போலக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்கள். பக்கம் முடிந்தது.

கிஸ்பெர்ட் கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஃபோல்க்மார், இன்னிக்கு அந்த அடிநாதம் இருக்கே, நெஞ்செலும்பு வரைக்கும் இறங்கிடுச்சு."

"எப்பவும் விட இன்னிக்கு ஆழம் ஜாஸ்தி" என்றார் அல்முட். மற்றவர்கள் ஆமோதித்தார்கள். ஒருவர் உப்புக் குச்சிக் கிண்ணத்தை எடுத்துச் சுற்றி அனுப்பினார்.

டெக்மையர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பொய் சொல்கிற முகம் ஒன்றுமில்லை. நிஜமாகவே கேட்டதாகத்தான் நினைத்தார்கள். இத்தனை வருஷமும் வாசலுக்கு வெளியே இருந்தவர்களுக்குக் காது இல்லை என்று திட்டித் தீர்த்திருந்தார், வாசலுக்கு உள்ளேயும் ஒருவருக்கும் இல்லை. சொல்ல நினைத்ததைச் சொல்லாமல், தலை வலிக்கிறது என்று எல்லோரையும் அனுப்பினார்.

பிறகு மாடி ஏறினார். ரொஸ்விதா டிவி முன்னால் உட்கார்ந்திருந்தாள். பளபளச் சட்டைக்காரர் ஒருவர் பாடிக்கொண்டிருந்தார். டெக்மையர் கதவருகில் நின்று தொண்டையைச் செருமினார்.

"ரொஸ்விதா, கீழ வந்து ஒரு தடவை கேக்கறியா? இப்ப சரியா இருக்கு. உனக்குத்தான் தெரியும்."

அவள் திரும்பிப் பார்த்தாள். முகத்தில் கோபமில்லை, அது என்றைக்கோ தீர்ந்துபோயிருந்தது.

"வேண்டாம், ஃபோல்க்மார். போதும்ங்கற அளவுக்குத் தரை வழியா கேட்டாச்சு. கதவைச் சாத்திட்டுப் போ, குளிர் உள்ள வருது."

அவர் கதவைச் சாத்தினார்.